மறுப்புகளைப் படிக்கும் வேலை

நான் சர்வர் வேலைக்குச் சேர்ந்தபோது லினக்ஸின் பாதுகாப்பு அடுக்கான எஸ்இலினக்ஸ் பற்றி எனக்குச் சொல்லித்தந்த ஒரே பாடம், அதை எப்படி அணைப்பது என்பதுதான். புது மெஷின் வந்தால் சிஸ்டத்தை ஏற்றி, கான்ஃபிக் ஃபைலில் 'டிசேபிள்டு' என்று எழுதி ரீபூட் பண்ணிவிட்டுத்தான் மற்ற வேலை. சாஃப்ட்வேர் விற்கிறவர்கள் தரும் இன்ஸ்டலேஷன் கையேட்டிலும் முதல் பக்கத்தில் அதுவே இருக்கும். ஃபயர்வாலை நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்கிற மேலாளர்கள்கூட எஸ்இலினக்ஸை நிறுத்துவதைப் பற்றி வாய் திறந்ததில்லை. அது என்ன செய்கிறது என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

பிறகு நிதித்துறை வாடிக்கையாளர் ஒருவரின் தணிக்கைப் பட்டியலில், எல்லா சர்வர்களிலும் அது 'என்ஃபோர்சிங்' நிலையில் ஓட வேண்டும் என்று ஒரு வரி வந்தது. அந்த வரி என் தலையில் விழுந்தது. விரும்பி எடுத்துக்கொண்ட வேலை இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் செய்த வேலையில் பெரும்பகுதி அதைச் சுற்றியே அமைந்துவிட்டது.

விஷயம் இதுதான். சாதாரண லினக்ஸில் ஒரு ஃபைலை யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்பதை அந்த ஃபைலின் சொந்தக்காரர் முடிவு செய்கிறார். அவர் நினைத்தால் 777 போட்டு ஊருக்கே திறந்துவிடலாம். அவர் ஓட்டும் ப்ரோக்ராமுக்கும் அவருடைய உரிமை அத்தனையும் கிடைக்கும். ரூட் என்றால் கேட்கவே வேண்டாம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் 'ஆரஞ்சு புக்' 1980களிலேயே இதிலிருந்து பிரித்து இன்னொரு முறையை வகுத்திருந்தது. அதன் பெயர் கட்டாய அணுகல் கட்டுப்பாடு. அதில் சொந்தக்காரரின் விருப்பத்துக்கு மேலே ஒரு கொள்கை இருக்கும். அதைச் சாதாரண யூசர் மாற்ற முடியாது. ரூட்டாக ஓடும் ப்ராசஸும் அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும்.

அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமை, யூட்டா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவாக்கிய 'ஃப்ளாஸ்க்' என்ற வடிவமைப்பை லினக்ஸுக்குக் கொண்டுவந்து, 2000 டிசம்பரில் மூல நிரலோடு வெளியிட்டது. அதுதான் எஸ்இலினக்ஸ். அடுத்த வருடம் கர்னல் மாநாட்டில் அதை முன்வைத்தபோது, லினஸ் டோர்வால்ட்ஸ் இந்த ஒன்றை மட்டும் கர்னலுக்குள் பதிக்கச் சம்மதிக்கவில்லை. எந்தப் பாதுகாப்பு முறையும் வந்து பொருந்திக்கொள்ளும்படி பொதுவான ஒரு சட்டகம் வேண்டும் என்றார். லினக்ஸ் செக்யூரிட்டி மாட்யூல்ஸ் அப்படிப் பிறந்தது. 2003இல் 2.6 கர்னலோடு எஸ்இலினக்ஸ் உள்ளே வந்தது. 'உளவு அமைப்பு எழுதியதை நம் மெஷினில் ஓட்டுவதா?' என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நிரல் இத்தனை வருடமாக எல்லார் கண்முன்னேயும் கிடக்கிறது; அதை ஓட்டாத மெஷின்களில் நடந்த திருட்டுகளைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

இதன் இயக்கம், பேரைக் கேட்டுப் பயப்படும் அளவுக்குக் கடினம் இல்லை. ஓடும் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஒரு லேபிள். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு லேபிள். நெட்வொர்க் போர்ட்டுக்கும் உண்டு. லேபிளில் நான்கு பகுதிகள் இருந்தாலும் அன்றாட வேலையில் நாங்கள் பார்ப்பது மூன்றாவதாக வரும் 'டைப்' மட்டும்தான். எல்லாப் பெயரும் அண்டர்ஸ்கோர் டி என்று முடியும். இந்த டைப்பில் ஓடும் ப்ராசஸ், அந்த டைப்பில் இருக்கும் ஃபைலைப் படிக்கலாம் என்று விதி இருந்தால் கர்னல் விடும். விதி இல்லையென்றால் மறுக்கும். மறுத்ததை ஆடிட் லாகில் ஒரு வரியாக எழுதிவைக்கும். ஏவிசி என்று தொடங்கும் அந்த வரியில் யார் கேட்டது, எதைக் கேட்டது, என்ன செய்யக் கேட்டது என்று மூன்றும் இருக்கும்.

என் வேலை அந்த வரிகளைப் படிப்பது.

முதலில் பிடிபட்டது, வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கும் கொள்கைக்கும் சம்பந்தமே இல்லை என்பது. ஃபைல் தப்பான லேபிளோடு உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். இந்த உரையாடல் பெயர்கள் மட்டும் மாறி வந்துகொண்டே இருக்கும்:

"சார், சைட் ஃபோர்பிடன்னு வருது."

"பெர்மிஷன் பாத்தீங்களா?"

"777 குடுத்துட்டேன் சார். அப்பவும் அதேதான்."

"ஃபைல எங்கேந்து கொண்டாந்தீங்க?"

"என் ஹோம் டைரக்டரிக்கு அப்லோட் பண்ணி, அங்கேந்து மூவ் பண்ணேன்."

அதைச் சொன்னதும் மீதி எனக்குத் தெரிந்துவிடும். ஒரு ஃபைலை காப்பி செய்தால், புதிதாகப் பிறக்கும் ஃபைல் அது போய்ச் சேரும் டைரக்டரிக்கு உரிய லேபிளை வாங்கிக்கொள்ளும். அதே டிஸ்க்குக்குள் மூவ் செய்தால் ஃபைல் புதிதாகப் பிறப்பதில்லை, பெயர்தான் மாறுகிறது, லேபிள் பழையதே. வீடு மாறிப் பல வருடம் ஆன பின்னும் ரேஷன் கார்டில் பழைய முகவரி இருக்கிற மாதிரி, வெப் சர்வரின் டைரக்டரிக்குள் நின்றுகொண்டு அந்த ஃபைல் தன்னை 'யூசரின் ஹோம் ஃபைல்' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். வெப் சர்வருக்கு ஹோம் ஃபைல்களைப் படிக்கும் விதி கிடையாது. 777 இதற்கு உதவாததற்குக் காரணம், இரண்டு சோதனைகளும் தனித்தனி. சாதாரண அனுமதியை கர்னல் முதலில் பார்க்கிறது. அதைத் தாண்டினால்தான் எஸ்இலினக்ஸிடம் கேள்வி போகிறது. முதல் கதவை எவ்வளவு அகலமாகத் திறந்தாலும் இரண்டாவது கதவு அப்படியேதான் இருக்கும். அதைவிட மோசம், பிரச்சினை தீர்ந்த பிறகும் அந்த 777ஐ யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

இதற்கு மருந்து 'ரீஸ்டோர்கான்' என்ற ஒரே கட்டளை. எந்தப் பாதையில் இருக்கும் ஃபைலுக்கு எந்த லேபிள் என்று கொள்கையில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதைப் பார்த்துத் திருத்திவிடும். வெப் ஃபைல்களை வழக்கமான இடத்தில் வைக்காமல் 'டேட்டா' என்று தனி டிஸ்க் மாட்டி அதில் வைத்திருந்தால் பட்டியலில் அந்தப் பாதையே இருக்காது. அப்போது முதலில் 'செமேனேஜ்' கொண்டு பட்டியலில் பாதையைச் சேர்த்துவிட்டுப் பிறகு ரீஸ்டோர்கான். இன்டர்நெட்டில் கிடைக்கும் குறிப்புகளில் பாதி 'சிஎச்கான்' என்ற கட்டளையைச் சொல்லும். அது ஃபைலின் லேபிளை மட்டும் மாற்றும், பட்டியலைத் தொடாது. யாராவது ஒருநாள் முழு சிஸ்டத்தையும் ரீலேபிள் செய்யும்போது பழையபடி ஆகிவிடும். மாற்றியவர் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்.

அடுத்த வகை, சுவிட்சுகள். பூலியன் என்று பெயர். வெப் சர்வர் வெளியே நெட்வொர்க் தொடர்பு ஏற்படுத்தலாமா, மெயில் அனுப்பலாமா, என்எஃப்எஸ்ஸில் இருக்கும் ஃபைலைப் படிக்கலாமா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்சைக் கொள்கை எழுதியவர்களே வைத்திருக்கிறார்கள். என்ஜின்எக்ஸை முன்னால் நிறுத்திப் பின்னால் வேறொரு அப்ளிகேஷனுக்கு அனுப்பும் அமைப்பில் 502 பிழை வரும். லாகில் 13 என்ற எண்ணும் 'பெர்மிஷன் டினைடு' என்ற வரியும் இருக்கும். எல்லாரும் உடனே போடுவது 'நெட்வொர்க் கனெக்ட்' என்ற பெரிய சுவிட்ச். வேலை நடந்துவிடும், சரிதான். ஆனால் அது உலகத்தில் இருக்கும் எல்லாப் போர்ட்டுக்கும் வழி திறக்கிறது. வெப் சர்வருக்குள் புகுந்த ஒருவன் முதலில் தேடுவதும் அந்த வழியைத்தான். டேட்டாபேஸுக்கு மட்டும் ஒரு சுவிட்ச் உண்டு, மற்ற வெப் போர்ட்டுகளுக்கு அனுப்ப 'ரிலே' என்று இன்னொன்று உண்டு. சின்னது போதும் என்கிற இடத்தில் பெரியதைப் போடுகிறவர்களிடம் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசியிருக்கிறேன்.

லேபிளும் சரி, சுவிட்சும் சரி என்றால் மிச்சம் இருப்பது விதி எழுதுவது. இங்கேதான் 'ஆடிட்2அலவ்' என்ற கருவி வருகிறது. மறுப்பு வரிகளை அதற்குள் செலுத்தினால், அவற்றையெல்லாம் அனுமதிக்கும் விதிகளாக மாற்றித் துப்பும். கம்பைல் செய்து ஏற்றினால் பிழை மறைந்துவிடும். இதைக் கற்றுக்கொண்டவர்கள் தங்களுக்கு எஸ்இலினக்ஸ் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். லாகில் இருப்பது ப்ரோக்ராம் எதைக் கேட்டது என்பது மட்டுமே. அதன் வேலைக்கு எது தேவை என்று அந்த வரி சொல்வதில்லை, கருவிக்கும் தெரியாது. மேலே சொன்ன வெப் ஃபைல் விவகாரத்தையே இதில் போட்டால், 'வெப் சர்வர் எல்லா யூசர்களின் ஹோம் ஃபைல்களையும் படிக்கலாம்' என்று ஒரு விதி எழுதித் தரும். ஒரு ஃபைலின் லேபிளைத் திருத்த வேண்டிய இடத்தில் எல்லாருடைய வீட்டையும் திறந்துவிட்ட கதை.

'டிஏசி ஓவர்ரைட்' என்ற மறுப்பு இதற்கு இன்னும் நல்ல உதாரணம். ரூட்டாக ஓடும் ஒரு ப்ரோக்ராம், அப்ளிகேஷன் யூசருக்குச் சொந்தமான, 600 அனுமதி கொண்ட ஒரு ஃபைலைத் திறக்கப் பார்க்கிறது. அனுமதிப்படி ரூட்டுக்கு அங்கே இடமில்லை. ஆனாலும் ரூட் என்பதால் அனுமதியைக் கண்டுகொள்ளாமல் போகும் சலுகை ஒன்றை கர்னல் வைத்திருக்கிறது. அதன் பெயர்தான் டிஏசி ஓவர்ரைட். எஸ்இலினக்ஸ் இந்தச் சலுகையை எல்லா டைப்புக்கும் தருவதில்லை. மறுப்பு வரியைக் கருவியில் போட்டால் 'சலுகையைக் கொடு' என்கிறது. கொடுத்தால் அந்த ஒரு ஃபைலோடு நிற்காது. அந்த டைப் தொடக்கூடிய எல்லா ஃபைல்களிலும் சொந்தக்காரர், குரூப் என்ற கணக்கே இல்லாமல் போய்விடும். செய்ய வேண்டியது, ஃபைலின் குரூப்பை ரூட் என்று மாற்றி 640 போடுவது. எஸ்இலினக்ஸைத் தொடவே வேண்டாம். இதைப் புரிந்துகொண்டவரை நம்பி மற்ற வேலைகளைக் கொடுக்கலாம் என்பது என் அனுபவம்.

சில மறுப்புகள் லாகிலேயே வராது. ப்ரோக்ராம்கள் வழக்கமாகக் கேட்டுக்கொண்டே இருக்கும், மறுத்தாலும் கவலைப்படாத விஷயங்களைப் பதிவு செய்ய வேண்டாம் என்று கொள்கையில் தனி விதிகள் உண்டு. பெயர் 'டோன்ட்ஆடிட்'. லாக் நிரம்பி வழியாமல் இருக்க அது வேண்டும். ஆனால் அபூர்வமாக, உண்மையில் தேவையான ஒன்று அதற்குள் மாட்டிக்கொள்ளும். ப்ரோக்ராம் விழுகிறது, லாக் சுத்தமாக இருக்கிறது, தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் பெர்மிசிவ் நிலைக்கு மாற்றினால் ஓடுகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் 'செமாட்யூல்' கட்டளையால் அந்த மௌன விதிகளைத் தற்காலிகமாக நீக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். இது தெரியாமல் இரவெல்லாம் உட்கார்ந்து நெட்வொர்க்காரர்களோடு சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உபுண்டு மெஷின்கள் வந்தபோது அப்பார்மரிலும் வேலை செய்தேன். அது லேபிளை நம்புவதில்லை, ஃபைலின் பாதையைப் பார்த்து முடிவு செய்கிறது. அதன் ப்ரொஃபைலை யாரும் வாசித்துப் புரிந்துகொள்ளலாம், அதில் எனக்கு மரியாதை உண்டு. ஒரு சின்ன டீமுக்கு எது வேண்டும் என்று கேட்டால், கையில் இருக்கும் டிஸ்ட்ரோவில் எது ஏற்கெனவே ஓடுகிறதோ அதை அணைக்காமல் வைத்திருங்கள் என்றுதான் சொல்வேன். உங்கள் பாக்கெட்டில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனில் ஓடுவது எஸ்இலினக்ஸ்தான். 2013இல் 4.3 பதிப்பில் எச்சரிக்க மட்டும் செய்யும் நிலையில் நுழைந்தது, 2014இல் 5.0 பதிப்பில் முழுதாகத் தடுக்க ஆரம்பித்தது. அதைப் பற்றி யாரும் புகார் சொன்னதாக நான் கேட்டதில்லை. போன் தயாரிப்பவர்கள் தங்கள் ப்ரோக்ராம்களுக்கான விதியைத் தாங்களே எழுதித்தான் விற்கிறார்கள், அதனால் வாங்குகிறவருக்கு அந்தச் சுமை இல்லை.

சர்வர் உலகத்தில் அந்தச் சுமை நம் மேல் விழுகிறது. டிஸ்ட்ரோவோடு வரும் சர்வீஸ்களுக்குக் கொள்கையும் கூடவே வரும். 2004இல் ஃபெடோரா கோர் 2இல் எல்லாவற்றையும் கட்டிப்போடும் கண்டிப்பான கொள்கையோடு தொடங்கி, அது ஜனங்களுக்கு ஒத்துவராமல், அதே வருடம் கோர் 3இல் நெட்வொர்க்கைத் தொடும் முக்கியமான சர்வீஸ்களை மட்டும் கட்டும் 'டார்கெடெட்' கொள்கைக்கு வந்தார்கள். இன்றுவரை அந்த வழிதான். நாம் வெளியிலிருந்து வாங்கும் சாஃப்ட்வேருக்கு எந்த விதியும் இல்லாததால், சிஸ்டம்டி அதைக் கட்டுப்பாடற்ற சர்வீஸ் என்ற டைப்பில் ஓட்டிவிடும். தடை இருக்காது, பாதுகாப்பும் இருக்காது. தணிக்கையில் 'என்ஃபோர்சிங்' என்று டிக் விழும். அதற்குமேல் ஏதாவது வேண்டுமென்றால் நாமே எழுத வேண்டும்.

அப்படி ஒரு பில்லிங் சாஃப்ட்வேருக்கு எழுதினேன். ஜாவாவில் எழுதியது, ஓப்ட் டைரக்டரியில் உட்கார்ந்திருக்கும், போர்ட் ஒன்றில் கேட்கும், ஆரக்கிளில் எழுதும், பிடிஎஃப் அடித்துத் தரும். 'செபாலிசி ஜெனரேட்' கட்டளை ஒரு வெற்று எலும்புக்கூட்டை உருவாக்கித் தரும். அதில் புது டைப்பைப் பெர்மிசிவ் நிலையில் வைத்திருப்பார்கள். அதாவது அந்த ஒரு ப்ரோக்ராமுக்கு மட்டும் தடுக்காமல் எழுதிக்கொண்டே போகும், மற்ற எல்லாம் என்ஃபோர்சிங். மொத்த சர்வரையும் 'செட்என்ஃபோர்ஸ் 0' என்று தளர்த்த வேண்டிய அவசியமே இல்லை.

பெர்மிசிவில் எவ்வளவு காலம் விடுவது என்பதில்தான் அவசரக்காரர்கள் மாட்டிக்கொள்வார்கள். ஒரு மணி நேரம் ஓட்டி, லாகை எடுத்து, விதி எழுதி, என்ஃபோர்சிங் போட்டுவிடுவார்கள். ஞாயிறு இரவு லாக்ரொடேட் வரும்போது விழும். மாதக் கடைசியில் ஜிஎஸ்டி ரிப்போர்ட் எடுக்கும்போது விழும். சர்டிஃபிகேட் புதுப்பிக்கும்போது விழும். ஒரு முழு மாதக் கணக்கு முடிகிற வரை விட்டுவைப்பேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். மேலாளர் முகத்தைச் சுளித்தார்.

அந்த மாதத்தில் சேர்ந்த வரிகளைப் பிரித்தேன். ஜாவா தன் நிரலை ஓடும்போதே மெஷின் மொழிக்கு மாற்றுவதால், எழுதவும் இயக்கவும் முடிகிற நினைவகம் கேட்கும். 'எக்செக்மெம்' என்று வரும். மற்ற ப்ரோக்ராம் எதற்கும் அதை யோசித்துத்தான் தருவேன், ஜாவாவுக்கு வேறு வழியில்லை, கொடுத்தேன். பிடிஎஃப் அடிக்கும்போது எழுத்துரு கேஷை எழுதப் பார்த்தது. எழுத முடியாவிட்டாலும் பிடிஎஃப் வருகிறது, அதனால் டோன்ட்ஆடிட். டெம்ப் டைரக்டரியில் போடும் ஃபைல்களுக்குத் தனி டைப் கொடுத்து, மற்றவர்களின் டெம்ப் ஃபைல்களைத் தொடவிடாமல் செய்தேன். டிஏசி ஓவர்ரைட் ஒன்று வந்தது. ஸ்டார்ட் ஸ்கிரிப்ட் ரூட்டாக ஓடி, அப்ளிகேஷனின் கான்ஃபிக்கைப் படிக்கப் பார்த்திருக்கிறது. குரூப்பை மாற்றியதும் அடங்கியது.

மிச்சமாக ஒரு வரி நின்றது. ப்ரோக்ராம் 25ஆம் போர்ட்டுக்குத் தொடர்பு கொள்ள முயன்றிருக்கிறது. அதாவது மெயில். பில்லிங் சாஃப்ட்வேர் மெயில் அனுப்புவது இயல்புதானே என்று யாரும் கடந்து போயிருப்பார்கள். ஆனால் அதை ஓட்டிய நிறுவனத்தில் பில்லை அச்சடித்து அனுப்பினார்கள், மெயில் வசதியை வாங்கவே இல்லை. விற்றவர்களைக் கேட்டேன்.

"எங்க ப்ராடக்ட் அந்த மாட்யூல் இல்லாம மெயில் அனுப்பவே அனுப்பாது சார்."

"உங்க ப்ராசஸ்தான் கேக்குது. டைமோட இருக்கு பாருங்க."

"வாய்ப்பே இல்ல சார்."

நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தபோது, அப்ளிகேஷன் லாகில் எரர் விழுந்த நொடிகளும் இதுவும் ஒன்றாக இருந்தன. ஜாவாவில் லாக் எழுதும் லாக்4ஜேயின் கான்ஃபிக்கை ஜார் ஃபைலுக்குள் தேடி எடுத்தோம். எரர் வந்தால் மெயில் அனுப்பச் சொல்லும் ஒரு அப்பெண்டர் அதில் இருந்தது. டெவலப்மென்ட் காலத்தில் யாரோ போட்டது. எரரோடு சேர்த்து, அந்த நேரத்தில் கையாண்ட வாடிக்கையாளர் பதிவின் விவரங்களும் அந்த மெயிலில் போகும். பெறுபவர் முகவரி, சாஃப்ட்வேரை விற்ற நிறுவனத்தை விட்டு எப்போதோ போய்விட்ட ஒரு டெவலப்பருடையது.

விதி எழுதவில்லை. என்ஃபோர்சிங் போட்டோம். பில்லிங் எப்போதும் போல ஓடியது. எரர் வரும்போது மட்டும் மெயில் போகவில்லை என்று அப்ளிகேஷன் லாகில் ஒரு வரி கூடுதலாக விழுந்தது.

எஸ்இலினக்ஸ் எல்லாவற்றையும் தடுக்கும் என்று நான் யாருக்கும் வாக்கு கொடுப்பதில்லை. கர்னலிலேயே ஓட்டை இருந்தால் அதுவும் சேர்ந்து போகும். வெப் சர்வர் டேட்டாபேஸோடு பேசலாம் என்று விதி இருக்கிற வரை எஸ்கியூஎல் இன்ஜெக்ஷன் அந்த வழியாகவே ராஜபாட்டையில் போய் வரும். ஆனால் 2019இல் கன்டெய்னரிலிருந்து வெளியே வந்து கன்டெய்னர்களை இயக்கும் ஹோஸ்டின் ரன்சி பைனரியையே மேலெழுதும் ஓட்டை வெளியானபோது, கன்டெய்னர்களுக்கு உரிய டைப் சரியாக இருந்த ரெட் ஹாட் மெஷின்களில் அந்த எழுத்து மறுக்கப்பட்டது. எங்கள் மெஷின்களிலும் பேட்ச் போட வேண்டியிருந்தது, ஆனால் நள்ளிரவில் போட வேண்டியிருக்கவில்லை. வார இறுதிப் பராமரிப்பு நேரத்தில் போட்டோம்.

பில்லிங்காரர்கள் அடுத்த பதிப்பில் அந்த அப்பெண்டரை நீக்கிவிட்டார்கள். நான் எழுதிய கொள்கை ஃபைலையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள், இனி எல்லா வாடிக்கையாளருக்கும் கொடுப்பதாகச் சொன்னார்கள். பதிப்பு வந்ததும் பிரித்துப் பார்த்தேன். என் ஃபைல் இருந்தது. கீழே, வேறு எங்கோ ஒரு சர்வரில் ஆடிட்2அலவ் துப்பியதை அப்படியே ஒட்டியிருந்தார்கள், டிஏசி ஓவர்ரைட் உட்பட. அந்தப் பகுதியை வெட்டி, எந்த ஃபைலின் குரூப்பை மாற்ற வேண்டும் என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.